கேட்கும்பொழுதில் கோக்கப்படும் கோப்பு
(இயக்க முறைமையில் மெய்நிகர் கோப்புகள் – ஓர் அறிமுகம்)

முன்னுரை

கணிப்பொறியைக் கையாள்வோர் அனைவரும் 'கோப்பு' என்னும் சொல்லை நாள்தோறும் வழங்குகின்றனர். எழுதிய கடிதம் ஒரு கோப்பு. எடுத்த நிழற்படம் ஒரு கோப்பு. மாணவர் மதிப்பெண் பட்டியலும் ஒரு கோப்பே. இவையெல்லாம் வட்டில் ஓரிடத்தில் எழுதிவைக்கப்பட்டுள்ளன என்பதும், திறந்து பார்த்தால் எழுதியது எழுதியவாறே கிடைக்கும் என்பதும் நம் பொதுவான எண்ணம். ஆயின் வட்டில் எங்கும் எழுதப்படாமல், ஒருவர் திறந்து படிக்கும் அந்நேரத்தில் மட்டுமே உள்ளடக்கம் பெறும் கோப்புகளும் உள. இவற்றையே மெய்நிகர் கோப்புகள் என்கிறோம்.

லினக்ஸ் இயங்கும் கணிப்பொறி ஒன்றில் '/புராக்/மெம்இன்ஃபோ' என்னும் கோப்பின் அளவு யாது எனக் கேட்டால், 'சுழியம்' என்று விடை வரும். அதே கோப்பைத் திறந்து படித்தாலோ, நினைவகம் மொத்தம் எவ்வளவு, பயன்படுத்தாமல் எஞ்சியிருப்பது எவ்வளவு என வரிவரியாகச் செய்திகள் வந்து நிற்கும். ஒன்றுமில்லை எனச் சொல்லப்பட்ட கோப்பிலிருந்து இத்தனை வரிகள் எங்ஙனம் வந்தன? இவ்வினாவிற்கு விடை காண்பதும், இத்தகைய கோப்பினை அமைப்போர் ஏற்கவேண்டிய பொறுப்புகளை எடுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

தமிழ்த்துறையின் மலரில் இப்பொருள் இடம்பெறுவது ஏன் எனச் சிலர் வினவலாம். கணிப்பொறியின் உள்ளமைப்பைத் தமிழில் எண்ணிப் பார்க்கும் பழக்கம் நம் மாணவரிடையே வளரவேண்டும் என்பது எம் விருப்பம். அதற்கு இப்பொருள் மிகப் பொருத்தமானது. இதன் விளக்கம் 'கோப்பு' என்ற தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கோப்பு – சொல்லும் பொருளும்

'கோ' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது கோப்பு. மலர்களை நாரிலும் மணிகளை நூலிலும் கோக்கிறோம். தாள்களைக் கயிற்றில் கோத்துக் கட்டியதால் அலுவலகக் கட்டும் கோப்பாயிற்று. ஆங்கிலத்தார் வழங்கும் 'ஃபைல்' என்னும் சொல்லும் இழை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்வழி வந்ததே. இரு மொழிகளும் ஒரே செயலைக் கண்டு பெயரிட்டுள்ளமை கருதத்தக்கது.

கோத்துவைத்த மாலையும் உண்டு. கேட்டபின் கோத்துத் தரும் மாலையும் உண்டு. வட்டில் உள்ள கோப்பு முன்னதை ஒக்கும். மெய்நிகர் கோப்பு பின்னதை ஒக்கும். நூலகத்தை எடுத்துக்கொள்வோம். நூல் வழங்கற் பதிவேட்டில் நேற்று எழுதியது இன்றும் அப்படியே இருக்கும். 'இந்நேரம் எத்தனை நூல்கள் வெளியில் உள்ளன?' என்று நூலகரைக் கேட்டால், அவர் அப்பொழுது எண்ணிப் பார்த்துச் சொல்கிறார். அந்த எண் எத்தாளிலும் முன்னரே எழுதப்பட்டதன்று; கேட்டபின்னரே பிறந்தது. மெய்நிகர் கோப்பு இத்தகைய விடை. அதன் அளவு சுழியமாகக் காட்டப்படுவதன் காரணமும் இதுவே. கேட்பதற்கு முன் விடையின் நீளத்தை எவ்வாறு கூற இயலும்?

வரலாற்றுச் சுருக்கம்

1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், கருவிகளையும் கோப்பு வடிவிலேயே கையாண்டது. அச்சுப்பொறியோ முனையமோ எதுவாயினும், திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் நான்கு செயல்களால் அதனை அணுகலாம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை.

இக்கொள்கையை இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கும் விரித்தவர் டாம் கில்லியன். இயங்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு கோப்பாகத் தோன்றும் 'புராக்' அமைப்பினை அவர் 1984 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆய்வகத்தில் பின்னர் எழுந்த 'பிளான் 9' என்னும் இயக்க முறைமை, வலையமைப்பு, திரைச் சாளரம் ஆகியவற்றையும் கோப்புகளாகவே காட்டியது. பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்சில், 'புராக்' 1992 இல் இடம்பெற்றது. 2003 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 2.6 பதிப்பில் கருவிகளுக்கென 'சிஸ்எஃப்எஸ்' என்னும் தனி மெய்நிகர் அமைப்பும் சேர்ந்தது.

இடைநின்று உதவும் பொதுவடுக்கு

நாம் எழுதும் நிரல் ஒரு கோப்பைப் படிக்க விரும்பும்போது, அக்கோப்பு வன்தட்டில் உள்ளதா, குறுவட்டில் உள்ளதா, வேறொரு கணிப்பொறியில் உள்ளதா என அறிய வேண்டியதில்லை. 'படி' என்னும் ஒரே கட்டளை எல்லாவற்றிற்கும் போதும். இதனை இயலச் செய்வது, கெர்னல் எனப்படும் கருவகத்தினுள் அமைந்த பொதுவடுக்கு ஆகும். இதனை 'வி.எஃப்.எஸ்.' எனச் சுருக்கி வழங்குவர். சன் நிறுவனத்தின் யூனிக்சுக்காக ஸ்டீவ் கிளைமன் அமைத்து 1986 இல் கட்டுரையாக விளக்கிய முறை, இத்துறையில் முன்னோடியானது.

லினக்சின் பொதுவடுக்கு நால்வகைப் பொருள்களைக் கையாள்கிறது. ஒரு கோப்பு முறைமை முழுவதையும் குறிப்பது 'சூப்பர்பிளாக்'. ஒரு கோப்பின் உரிமையாளர், அனுமதி, வகை முதலியவற்றைத் தாங்குவது 'ஐநோடு'. பெயரையும் கோப்பையும் இணைப்பது 'டென்ட்ரி'. ஒருவர் ஒரு கோப்பைத் திறந்துள்ளார் என்பதையும், எதுவரை படித்துள்ளார் என்பதையும் குறிப்பது 'ஃபைல்'. ஒரே கோப்பைப் பத்துப்பேர் தனித்தனியே திறந்தால் ஐநோடு ஒன்றே. ஃபைல் பொருள்கள் பத்து.

இவற்றோடு செயற்பட்டியல் ஒன்றும் இணைகிறது. 'திறக்கச் சொன்னால் இச்செயற்கூற்றை அழை. படிக்கச் சொன்னால் அதனை அழை' என்னும் முகவரிகளின் தொகுதியே அது. வட்டிலுள்ள கோப்பின் பட்டியலில் 'படி' என்பதற்கு நேரே வட்டினை அணுகும் செயற்கூறு இருக்கும். அவ்விடத்தில் நாம் எழுதிய செயற்கூற்றின் முகவரியை வைத்துவிட்டால், படிப்பவர் கேட்கும்போது வட்டு அசையாது. நம் செயற்கூறே விடை சொல்லும். மெய்நிகர் கோப்பின் மறைபொருள் முழுவதும் இவ்வளவே.

கோப்பினை அமைக்கும் முறை

எடுத்துக்காட்டாக, ஒரு கருவி கருவகத்தை எத்தனை முறை அழைத்தது என எண்ணிவரும் சிறு கூறு ஒன்றை நாம் எழுதுவதாகக் கொள்வோம். அவ்வெண்ணை '/புராக்/எண்ணி' என்னும் கோப்பின் வழியே காட்ட வேண்டும்.

முதலாவது, கூறு ஏற்றப்படும்போது 'புராக் கிரியேட்' என்னும் செயற்கூற்றை அழைத்துக் கோப்பின் பெயர், அனுமதி, செயற்பட்டியல் ஆகியவற்றைத் தருகிறோம். எல்லாரும் படிக்கலாம், ஒருவரும் எழுதலாகாது என்றால் அனுமதி 0444 ஆகும். இப்பணிக்கு முன்னர் இருந்த பழைய வழி 2013 இல் வெளிவந்த 3.10 பதிப்பில் நீக்கப்பட்டது. 2020 இன் 5.6 பதிப்பிலிருந்து புராக் கோப்புகளுக்கெனத் தனிச் செயற்பட்டியல் வகையும் உண்டு. பழைய நூல்களைக் கொண்டு பயில்வோர் இம்மாற்றங்களை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, படித்தற் செயற்கூற்றை எழுதுகிறோம். அது எண்ணை எழுத்துகளாக மாற்றிப் படிப்பவரின் நினைவகத்தில் சேர்க்க வேண்டும். படிப்பவர் தந்த முகவரியை அப்படியே நம்பி அங்கு எழுதிவிடுதல் பெரும்பிழை. அம்முகவரி பொய்யாக இருக்கலாம். கருவகத்தின் சொந்த இடத்தையே சுட்டலாம். 'காப்பி டு யூசர்' என்னும் செயற்கூறு முகவரியைச் சோதித்தபின் படியெடுத்து, படியெடுக்க இயலாமல் எஞ்சிய பைட்டுகள் எத்தனை என்பதையும் தெரிவிக்கும். அவ்விடையைப் புறக்கணித்தல் ஆகாது.

மூன்றாவது, கூறு நீக்கப்படும்போது கோப்பையும் நீக்குகிறோம். யாரேனும் படித்துக்கொண்டிருக்கையில் விடை சொல்லும் கூறு மறைந்துவிட்டால், கருவகம் இல்லாத செயற்கூற்றை அழைத்து நிலைகுலையும். ஆதலின், நடைபெறும் அழைப்புகள் முடியும்வரை காத்திருந்தே 'புராக்' அமைப்பு கோப்பினை நீக்குகிறது.

படித்தலில் நேரும் பிழைகள்

எளிதாகத் தோன்றும் இப்பணியில் இரண்டு இடர்கள் மறைந்துள்ளன.

முதலாவது, முடிவு சொல்லாமை. படிக்கும் நிரல், 'இனி ஒன்றுமில்லை' என்பதற்கு அடையாளமாகச் சுழியம் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். வட்டுக் கோப்பிற்கு இயல்பான முடிவு உண்டு. மெய்நிகர் கோப்பிலோ முடிவை நாமே சொல்ல வேண்டும். இதனை முதன்முறை எழுதும் மாணவர் ஒவ்வொரு முறையும் விடையைத் திரும்பத் திரும்பத் தந்துவிட, திரையில் ஒரே எண் முடிவின்றி ஓடுவதைக் காணலாம். படிப்பவர் எதுவரை வந்துள்ளார் என்னும் இடக்குறியைப் பார்த்து, விடை தீர்ந்தபின் சுழியம் தருவதே முறை.

இரண்டாவது இடர் நுட்பமானது. படிப்பவர் விடை முழுவதையும் ஒரே முறையில் கேட்பார் என்னும் உறுதி இல்லை. ஒவ்வோர் எழுத்தாகவும் கேட்கலாம். நம் எண்ணி இப்பொழுது 199 இல் நிற்கிறது. படிப்பவர் முதல் எழுத்தைக் கேட்க, '1' எனத் தருகிறோம். அவர் இரண்டாம் எழுத்தைக் கேட்பதற்குள் கருவி மேலும் ஒருமுறை அழைத்துவிட, எண்ணி 200 ஆகிறது. இரண்டாம் எழுத்து '0'. மூன்றாம் எழுத்தும் '0'. படிப்பவர் கையில் கிடைத்த எண் 100! 199 மெய், 200 மெய், 100 என்பதோ அந்நேரத்தில் எக்கணத்திலும் இல்லாத பொய். ஒவ்வோர் எழுத்தும் உண்மையாயிருந்தும் முழு விடை பொய்யாயிற்று. இவ்வெண்ணை நம்பி ஒரு மேலாண்மை நிரல் முடிவெடுக்குமாயின், அப்பிழையின் மூலத்தைக் கண்டறிவது எளிதன்று; மீண்டும் படித்துப் பார்த்தால் கோப்பு சரியான விடையையே காட்டும்.

இதற்குத் தீர்வு, விடையை ஒருமுறை மட்டும் கோத்து, அத்திறப்பு மூடப்படும்வரை அதனையே பகுதி பகுதியாகத் தருதல். லினக்சில் 2001 முதல் வழங்கிவரும் 'சீக்ஃபைல்' என்னும் துணையமைப்பு இவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது. நாம் விடையை எழுதும் 'ஷோ' என்னும் செயற்கூற்றை மட்டும் தந்தால் போதும். அது விடையை ஓர் இடைநினைவகத்தில் சேர்க்கும். இடம் போதாவிடின் அளவை இருமடங்காக்கி மீண்டும் கோக்கும். படிப்பவர் எத்துணைச் சிறு பகுதியாகக் கேட்பினும் இடக்குறி வழுவாமல் தரும். இறுதியில் சுழியமும் தரும்.

நீண்ட பட்டியல்களுக்கு 'தொடங்கு, அடுத்தது, நிறுத்து, காட்டு' என நான்கு செயற்கூறுகளைத் தரவேண்டும். தொடங்கும்போது பட்டியலுக்குப் பூட்டிட்டு, நிறுத்தும்போது அதனைத் திறப்பது மரபு. இரு பகுதிகளுக்கிடையே பட்டியல் மாறக்கூடும் என்பதனால், முழுப் பட்டியலும் ஒரே கணத்தின் படம் எனக் கொள்ளுதல் தவறு. எனினும் ஒவ்வொரு பதிவும் தன்னளவில் முழுமையாயிருக்கும். எவ்வளவு உறுதி தரமுடியுமோ அவ்வளவையே தருதலும் நேர்மையின்பாற்பட்டதாம்.

எழுதப்படும் கோப்பு

சில மெய்நிகர் கோப்புகள் கேட்பதற்கு மட்டுமன்றி ஆணையிடுவதற்கும் உரியன. '/புராக்/சிஸ்/நெட்/ஐபிவி4/ஐபி_ஃபார்வர்டு' என்னும் கோப்பில் '1' என எழுதினால், அக்கணிப்பொறி ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றிற்குச் செய்திப் பொதிகளைக் கடத்தும் வழிகாட்டியாக மாறும். '0' என எழுதினால் அப்பணி நிற்கும். ஓர் எழுத்து ஒரு கணிப்பொறியின் பணியையே மாற்றிவிடுகிறது.

ஆகவே எழுதுவதை ஏற்கும் செயற்கூறு விழிப்பாயிருத்தல் வேண்டும். '12' என்பது எண். '12அஆ' என்பது எண்ணன்று. முன்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பகுதியை விட்டுவிடுதல் கூடாது. பிழை எனத் திருப்புவதே முறை. ஆயின் 'எக்கோ' கட்டளை எண்ணுக்குப்பின் புதுவரிக் குறியொன்றைச் சேர்ப்பது வழக்கமாதலின், அதனை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். லினக்சின் 'கேஸ்டர் டு இன்ட்' என்னும் செயற்கூறு இவ்வாறே செய்கிறது.

கேட்பவர் யார்?

இதுகாறும் விடை சரியானதா என ஆராய்ந்தோம். அவ்விடையைப் பெறுவதற்குக் கேட்பவர் உரிமையுடையவரா என்பது அடுத்த வினா. இதில் நேர்ந்த ஒரு பிழை இத்துறையார் மறத்தற்கரியது.

லினக்சில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் 'மெம்' என்னும் மெய்நிகர் கோப்பு உண்டு. அந்நிரலின் நினைவகமே அங்குக் கோப்பாகத் தோன்றும். 2011 இல் வெளிவந்த 2.6.39 பதிப்பில் அக்கோப்பில் எழுதுவதற்கும் வழி விடப்பட்டது. உரிமைச் சோதனை எழுதும் நேரத்தில், எழுதுபவரை நோக்கியே நடைபெற்றது. சாதாரணப் பயனர் ஒருவர் அக்கோப்பைத் திறந்து, முழு உரிமையுடன் இயங்கும் நிரல் ஒன்றின் பிழைச்செய்தி அக்கோப்பினுள் செல்லுமாறு அமைத்துவிட்டால், சோதனை அந்நிரலையே கண்டது. பின்னின்று திறந்துகொடுத்தவரைக் காணவில்லை. அந்நிரல் தன் நினைவகத்தின்மீது தானே எழுதிக்கொண்டது. எழுதப்பட்டதோ பயனர் வகுத்த சொற்கள். இவ்வழியே சாதாரணப் பயனர் கணிப்பொறி முழுவதற்கும் தலைவராக முடிந்தது. 2012 சனவரியில் இக்குறை வெளிப்பட்டபின், சோதனையைத் திறக்கும் நேரத்திற்கே மாற்றித் திருத்தினர்.

இதனால் நாம் பெறும் பாடம் தெளிவானது. கோப்பைத் திறப்பவர் ஒருவராகவும், அதில் எழுதுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். வாயிலில் நின்று கேட்க வேண்டியதை உள்ளே வந்தபின் கேட்டால், பிறர் தோளில் ஏறி வந்தவரை நாம் அறியோம். கல்லூரியின் மதிப்பெண் பட்டியலும், மருத்துவமனையின் நோயாளர் குறிப்பும், வங்கியின் கணக்கும் இத்தகைய கருவகத்தை நம்பியே காக்கப்படுகின்றன என்பதை எண்ணுங்கால், ஒரு சோதனை நிற்கும் இடத்தின் அருமை விளங்கும்.

சொன்ன சொல் மாறாமை

மெய்நிகர் கோப்பின் வடிவமும் ஓர் உறுதிமொழியே. 'டாப்', 'பீஎஸ்', 'ஃப்ரீ' முதலிய கருவிகள் புராக் கோப்புகளைப் படித்தே செய்தி தருகின்றன. இன்று ஒரு வரியின் பொருளை மாற்றினால், அவ்வரியை நம்பிய நிரல்கள் நாளை பிழைபடும்.

இதற்கு மெம்இன்ஃபோ கோப்பே நற்சான்று. எஞ்சிய நினைவகத்தோடு தற்காலிகச் சேமிப்பிற்கான நினைவகத்தையும் கூட்டினால் புதிய நிரல்களுக்குக் கிடைக்கும் இடம் தெரியும் எனப் பல நிரல்கள் கணக்கிட்டு வந்தன. அக்கணக்குப் பிற்காலத்தில் பொருந்தாமற் போயிற்று. அதனைச் சீர்செய்யப் பழைய வரிகளின் பொருளைத் திரிக்கவில்லை. 2014 இல் வெளிவந்த 3.14 பதிப்பில் 'மெம்அவைலபிள்' எனப் புதிய வரியொன்றைச் சேர்த்தனர். பழையதை நம்பியோர் ஏமாறவில்லை. புதியதை வேண்டியோர் பெற்றனர். 'ஒரு கோப்பிற்கு ஒரு மதிப்பு' என்பதைச் சிஸ்எஃப்எஸ் நெறியாகக் கொண்டிருப்பதும் இவ்வகைச் சிக்கல்களைக் குறைத்தற்பொருட்டே.

நிறைவுரை

மெய்நிகர் கோப்பு என்பது, கோப்பு என்னும் வழக்கமான தோற்றத்திற்குப் பின்னே நின்று விடைசொல்லும் ஒரு செயற்கூறு என்பதைக் கண்டோம். பொதுவடுக்கின் செயற்பட்டியலில் முகவரியொன்றை வைப்பதனாலேயே அது உருவாகிறது என்பதையும், அதனைப் பிழையற அமைப்பதற்கு முடிவு சொல்லுதல், ஒரே விடையை இறுதிவரை தருதல், உள்ளீட்டைச் சோதித்தல், உரிமையை வாயிலிலேயே அறிதல், வடிவம் மாறாமை ஆகியன வேண்டும் என்பதையும் அறிந்தோம்.

வட்டில் எழுதிய கோப்பில் பிழையிருந்தால், அப்பிழை அங்கேயே நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். கேட்கும்பொழுதில் கோக்கப்படும் கோப்பிலோ பிழை தோன்றியவாறே மறைந்துவிடும்; 100 எனச் சொன்ன கோப்பு மறுநொடியே 200 எனச் சொல்லி நிற்கும். ஆதலால் சான்றேதும் எஞ்சாத இடத்தில் உண்மை சொல்லும் பொறுப்பு, அதனை எழுதுவோரையே சாரும்.

கணிப்பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் தம் ஆய்வகத்திலுள்ள லினக்ஸ் கணிப்பொறியில் மெம்இன்ஃபோ கோப்பினை இருமுறை படித்து, இரு விடைகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பின்னர், அழிந்தாலும் கேடில்லாத பயிற்சிக் கணிப்பொறியொன்றில் '/புராக்/எண்ணி'யைத் தாமே எழுதி, அதனை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சோதிப்பார்களாக. 199 இற்கும் 200 இற்கும் இடையில் 100 தோன்றாத கோப்பினை அவர்கள் அமைத்துவிட்டால், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாக நாம் கருதுவோம்.